தொலைநோக்கிப் படமும் தெளிவும்

சென்ற ஆண்டு நம் கலாசாலை மலரின் நடுப்பக்கத்திலே சந்திரனுடைய படமொன்று வெளியாயிற்று. கலாசாலைத் தொலைநோக்கியில் டிஜிட்டல் காமிராவைப் பொருத்தி மாணாக்கர் தாமே எடுத்த படம் அது. அதைக் கண்டு மகிழ்ந்த பழைய மாணவருள் யானும் ஒருவன். ஆயினும், சிவகாசியில் அச்சுத் தொழிலால் பிழைப்பவனாதலின், என் கை என்னையறியாமலே மேசைமேல் இருந்த உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து அப்பக்கத்தின்மேல் வைத்தது. அச்சின் வண்ணப் புள்ளிகள் ஒவ்வொன்றும் ஊசிமுனைபோல் கூர்மையாக இருந்தன. சந்திரன்தான் கூர்மையாக இல்லை.

பின்னர்ப் பழைய மாணவர் கூட்டத்திற்கு வந்திருந்தபோது இதைப்பற்றி மெல்ல விசாரித்தேன். "கருவி சிறியது, ஐயா, 15 சென்டிமீட்டர் ஆடிதானே! 25 சென்டிமீட்டர் ஆடியுள்ள தொலைநோக்கி ஒன்று கிடைத்தால் படம் தெளிவாக வரும்" என்று மாணாக்கர் விடையிறுத்தனர். அதற்கென நன்கொடை திரட்டும் விண்ணப்பம் ஒன்றும் என் கையில் கொடுக்கப்பட்டது. பொருள் கொடுக்க யான் தயங்கவில்லை. ஆனால் அவ்விண்ணப்பத்தில் கூறியிருந்த காரணம் பொருந்தாது என்பதே என் அபிப்பிராயம். அதை நேரிலே சொன்னால் கஞ்சத்தனத்திற்குக் கற்பித்த சமாதானம் என்று எண்ணுவர் என அஞ்சி, இம்மலரின் வாயிலாகவே சொல்லத் துணிந்தேன்.

பெரிய கருவிக்கு உரிய பயன்கள் பல. மங்கலான ஒளிமுகில்களையும் தொலைவிலுள்ள விண்மீன் கூட்டங்களையும் காண அது வேண்டும். அதை யான் மறுக்கவில்லை. தெளிவு ஒன்று மட்டும் அதனோடு பெட்டியில் வைத்து அனுப்பப்படுவதன்று. கையிலிருக்கும் கருவியில் தெளிவைத் தேடிக் கொள்ளாதவர், பெரிய கருவியில் பெரியதொரு மங்கலையே பெறுவர்.

"கண்ணால் பார்த்தபோது நன்றாகத் தெரிந்ததே!" என்பது மாணாக்கரின் அடுத்த வாதம். அஃது உண்மையே. கண் மிகவும் இரக்கமுள்ள நீதிபதி. இளைஞரின் விழியிலுள்ள வில்லை, பிம்பம் சிறிது முன்னே பின்னே விழுந்தாலும், தன் வளைவை மாற்றிக்கொண்டு அதைத் தெளிவாக்கிக் கொள்ளும். நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர் அதே குமிழை வேறோரிடத்தில் நிறுத்துவார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பவர் மூன்றாமிடத்தில் நிறுத்துவார். மூவரும் தத்தம் கண்ணுக்குச் சரியாகவே நிறுத்தினர். மூவரில் ஒருவரும் காமிராவிற்காக நிறுத்தவில்லை. கண்ணருகு வில்லையை எடுத்துவிட்டு, லென்ஸ் நீக்கிய காமிராவை டி-ரிங் என்னும் வளையத்தின் துணையால் அவ்விடத்தில் மாட்டும்போது, தொலைநோக்கியே காமிராவின் லென்ஸ் ஆகிவிடுகிறது. ஆடி உண்டாக்கும் பிம்பம் சென்சார் என்னும் தட்டையான சில்லின்மேல் நேரே விழுகிறது. அந்தச் சில்லு இணங்கிக் கொடுப்பதில்லை. காமிராவின் தானியங்கிக் குவியமும் இங்கே உதவாது. அது அசைக்க வேண்டிய லென்ஸைத்தான் நாம் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டோமே!

அது எவ்வளவு பிடிவாதமானது என்பதைக் கணக்கால் காட்டுகிறேன். கலாசாலைக் கருவியின் ஆடி 150 மில்லிமீட்டர் விட்டமும் 750 மில்லிமீட்டர் குவியத்தூரமும் உடையது. இரண்டிற்கும் உள்ள விகிதம் 5. பச்சை ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.55 மைக்ரான். அதனை விகிதத்தின் வர்க்கமாகிய 25 கொண்டு பெருக்கி இரட்டித்தால் 27.5 மைக்ரான் வரும். சரியான குவியத்திற்கு முன்னே அவ்வளவும் பின்னே அவ்வளவுமாக, மொத்தம் 55 மைக்ரானுக்குள் சில்லு நின்றால்தான் படம் கூர்மையாக விழும். சாதாரணமாக நாம் எழுதும் 80 கிராம் தாள் ஒன்றின் கனம் ஏறக்குறைய 100 மைக்ரான். எனவே, ஒரு தாளின் பாதிக் கனத்திற்குள் காமிராவை நிறுத்த வேண்டும். குமிழை ஒரு முழுச் சுற்றுச் சுற்றினால் குவியக்குழாய் ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் நகரும் என்று வைத்துக்கொண்டால், ஒரு பாகை திருப்பியதும் அந்த 55 மைக்ரானும் தீர்ந்து போகும். கடிகாரத்தின் நிமிட முள் 10 விநாடியில் நகரும் கோணம் அது. இருட்டிலே, கழுத்தை வளைத்துக்கொண்டு, பின்னால் நால்வர் "எனக்கு, எனக்கு" என்று நெருக்க, விரல் நுனியால் செய்யும் வேலை இது!

இக்கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டுகிறேன். ஆடியின் பெருமை இதில் எங்கும் தனியே வரவில்லை. வந்தது விகிதம் மட்டுமே. 25 சென்டிமீட்டர் ஆடியும் 5 என்னும் விகிதத்தில் செய்யப்பட்டிருப்பின், அதற்கும் அதே பாதித் தாள்தான்.

இனி, தெளிவின்மையிலும் சாதி பல உண்டு. குமிழை ஒரு கோடிவரை திருப்பியும் தெளிவு நெருங்கி வந்துகொண்டே இருந்து, எட்டாமலே நின்றுவிடுவது ஒன்று. நியூட்டன் வகைத் தொலைநோக்கியை வாங்கும் புதியவர் பெரும்பாலோர் இதில் அகப்பட்டு, கருவி பழுது என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவர். பழுது ஒன்றுமில்லை. காமிராவின் முகப்பிலிருந்து சில்லு உள்ளே தள்ளியிருக்கிறது. கேனன் காமிராவில் 44 மில்லிமீட்டர், நிக்கான் காமிராவில் 46.5 மில்லிமீட்டர். டி-ரிங்கையும் சேர்த்தால் இரண்டிலும் 55 மில்லிமீட்டர் ஆகும்படி அமைத்திருக்கின்றனர். ஆடியின் பிம்பமோ அவ்வளவு தூரம் வெளியே வந்து விழுவதில்லை. சந்திரனை நோக்கிக் கருவியைத் திருப்பிவிட்டு, குவியக்குழாயின் பின்னே வெண்ணெய்த்தாள் ஒன்றைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினால், பிம்பம் எங்கே விழுகிறது என்பதைக் கண்ணாலேயே காணலாம். பார்லோ வில்லையை இடையில் இட்டால் பிம்பம் வெளியே தள்ளப்படும்; அல்லது முதன்மை ஆடியைக் குழாயினுள் சிறிது மேலே உயர்த்தி அமைக்கலாம். கைத்திறமுள்ள மாணாக்கர் ஒருவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை.

சந்திரன் படத்தில் நேர்ந்தது இந்தக் குறையன்று. அங்கே தெளிவு எட்டியிருக்கிறது; எட்டிய இடத்தில் நிறுத்தத் தெரியவில்லை. நிறுத்தத் தெரியாமைக்குக் காரணம், "நன்றாக இருக்கிறது" என்று தோன்றிய மாத்திரத்தில் கையை எடுத்துவிட்டதேயாகும்.

இவ்விடத்தில் எங்கள் ஊர்த் தொழிலை உவமையாகக் கூறுவதை வாசகர் பொறுக்க வேண்டும். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் ஒட்டும் லேபிளை அச்சிடப் புகுந்து, பிறகு நாட்காட்டியும் நோட்டுப் புத்தகமுமாக வளர்ந்ததுதான் சிவகாசி அச்சுத் தொழில். ஒரு படத்தை அச்சிட நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்பு என்னும் நான்கு வண்ணங்கள் நான்கு தகடுகளிலிருந்து ஒரே தாளில் ஒன்றின்மேல் ஒன்றாக விழ வேண்டும். சற்றே விலகினாலும் படத்திலுள்ள முருகனுக்கோ லட்சுமிக்கோ உதடு இரண்டாகத் தெரியும். இயந்திரத்தில் நிற்கும் தொழிலாளி முருகன் முகத்தைப் பார்த்து, "நன்றாக இருக்கிறது" என்று தீர்மானிப்பதில்லை. தாளின் ஓரத்தில் ரெஜிஸ்டர் குறி என்று ஒரு சிறு கூட்டல் குறியை ஒவ்வொரு தகட்டிலும் இட்டிருப்பர். நான்கு குறியும் ஒன்றாகி ஒரே குறியாகத் தெரியும்வரை அவன் படத்தின் அழகைப் பார்ப்பதேயில்லை. பள்ளிக்கூடத்தை எட்டாம் வகுப்போடு விட்டவனும் இதை அறிவான். சாஸ்திரம் படிக்கும் நம் மாணாக்கர் சந்திரனுடைய அழகைப் பார்த்துக் குமிழைத் திருப்பியதுதான் பிழை. அவர்களுக்கும் ஒரு குறி வேண்டும்.

அத்தகைய குறி புதிதன்று. சேசு சபைத் துறவியாகிய கிறிஸ்டோபர் ஷைனர், கண்ணைப்பற்றி 1619ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே, அட்டையில் நெருக்கமாக இரண்டு ஊசித்துளைகள் இட்டு அவற்றின் வழியே ஒரு பொருளை நோக்கும் சோதனையைக் கூறினார். கண் அப்பொருளுக்குச் சரியாகக் குவிந்திருந்தால் பொருள் ஒன்றாகத் தெரியும். இல்லையேல் இரண்டாகத் தெரியும். அதே தத்துவத்தால், தொலைநோக்கியின் வாயை இரண்டு துளையுள்ள மூடியால் மூடி ஒரு விண்மீனைப் பார்த்தால், குவியாதபோது இரண்டு மீன். குவிந்தபோது ஒரு மீன். இரண்டா ஒன்றா என்று எண்ணுவதில் வயதும் இல்லை, விருப்பமும் இல்லை.

இதனினும் நுட்பமானது, ரஷ்ய நாட்டு வானியல் ஆர்வலர் பாவெல் பாஹ்டினோவ் என்பவர் 2005ஆம் ஆண்டில் அமைத்த மூடி. வட்டமான அட்டையில் மூன்று சாய்வுகளில் நெருங்கிய கம்பிப் பலகணிபோல் நீள்வெட்டுகள் இட்டது அது. பிரகாசமான விண்மீனொன்றை அதன் வழியே படமெடுத்தால், மீனைச் சுற்றி மூன்று ஒளிக்கோடுகள் தோன்றும். இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல் ஒன்றையொன்று வெட்டி நிற்கும். மூன்றாவது கோடு, குமிழைத் திருப்பத் திருப்ப, ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு நகரும். அது அப்பெருக்கல் குறியின் நட்டநடுவே சென்றால் குவியம் சரி. ரெஜிஸ்டர் குறியின் உடன்பிறப்பு என்றே எனக்குத் தோன்றிற்று. காமிராவின் திரையில் லைவ் வியூ என்பதைத் திறந்து, மீனைப் பத்து மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு இதைச் செய்ய வேண்டும். குமிழில் துணி உலர்த்தும் கிளிப் ஒன்றைக் கவ்வவிட்டு, அதன் நுனியைப் பிடித்துத் திருப்பினால், ஒரு பாகையிலும் சிறிய அசைவு கைக்கு வசமாகும். பூட்டுத் திருகை இறுக்கியபின் மறுபடி ஒருமுறை பார்க்க வேண்டும். இறுக்கும்போதே குழாய் சிறிது நகர்வதுண்டு. காமிராவின் பொத்தானைக் கையால் அழுத்தாமல், சில விநாடி கழித்துத் தானே படமெடுக்கும்படி வைத்தல் நன்று. எல்லாவற்றிற்கும் மேலாக, மூடியை எடுத்துவிட்டுப் படமெடுக்க வேண்டும். எடுக்க மறந்தவர் கதைகள் அநேகம். அவற்றுள் ஒன்று என்னுடையது.

குறியை நம்பாமல் மனத்தை நம்பியவர்கள் மாணாக்கர் மட்டுமல்லர் என்பதற்கு உலகமறிந்த சான்று ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் விண்ணில் ஏற்றப்பட்ட ஹப்பிள் தொலைநோக்கியின் 2.4 மீட்டர் ஆடி, விளிம்பில் ஏறக்குறைய 2 மைக்ரான் அளவுக்கு அதிகமாகத் தேய்க்கப்பட்டிருந்தது. எப்படிக் குவியப்படுத்தினும் விண்மீன் புள்ளியாகாமல், சுற்றிலும் ஒளிப்புகை சூழ நின்றது. விசாரித்தபோது வெளியானது இது: ஆடியைத் தேய்க்கையில் சோதித்த முதன்மைக் கருவியே பிழையாகப் பூட்டப்பட்டிருந்தது, வேறு சோதனைகள் இரண்டு பிழையைக் காட்டியும், முதன்மைக் கருவியே மேலானது என்று நம்பி அவற்றை ஒதுக்கிவிட்டனர். 1993ஆம் ஆண்டு டிசம்பரில் விண்வெளி வீரர்கள் சென்று திருத்தம் செய்யும் வரை அக்குறை தீரவில்லை.

தெளிவிற்காகப் பொறுத்திருந்தவர்கள் அடைந்த பயனுக்குச் சான்று நம் பக்கத்து மலையிலேயே உள்ளது. அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த போதகர்கள் 1845இல் வெயிலுக்கு அஞ்சிக் குடியேறிய கொடைக்கானலில், அந்நூற்றாண்டின் இறுதியில் சூரிய ஆய்வுக்கூடம் அமைக்கப்பட்டது. அங்கே 1904ஆம் ஆண்டு முதல் சூரியனைப் படமெடுத்து வருகின்றனர். பழைய கண்ணாடித் தகடுகளும் பிலிம்களும் டிஜிட்டல் உருவில் மாற்றப்பட்டுள்ளன. 1909ஆம் ஆண்டு ஜனவரியில் ஜான் எவர்ஷெட் என்பவர், சூரியப் புள்ளிகளின் நிறமாலையைப் படமெடுத்து ஆராய்ந்து, புள்ளியின் நடுவிலிருந்து வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டறிந்தார். இன்றும் அது எவர்ஷெட் விளைவு என்றே உலகெங்கும் வழங்குகிறது. ஓடும் வேகம் விநாடிக்கு ஏறக்குறைய 2 கிலோமீட்டர். ஒளியின் வேகத்தில் ஒன்றரை லட்சத்தில் ஒரு பங்கு. நிறமாலைக் கோடும் தன் அலைநீளத்தில் அவ்வளவே விலகும். கோடுகள் சற்றே மங்கலாக விழுந்திருந்தால் அவ்விலக்கம் அம்மங்கலிலே மறைந்து போயிருக்கும். காமிராத் திரையும் இல்லை, பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் இல்லை. தகட்டைக் கழுவிய பின்னர்தான் தெளிவா அன்றா என்பது தெரியும். (சூரியனைப் பற்றிக் கூறியதால் ஓர் எச்சரிக்கை: தொலைநோக்கியின் வாயில் தக்க வடிகட்டி இடாமல் அதனைச் சூரியன் பக்கம் திருப்பவே கூடாது; கண்ணும் போகும், காமிராவும் போகும்.)

எங்கள் பகுதி வானத்தைப்பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். கரிசல் மண்ணும் கான்கிரீட் மாடிகளும் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் வெப்பத்தைக் கக்கும். மாடியில் தொலைநோக்கியை வைத்துப் பார்ப்பவருக்கு விண்மீன் கொதிக்கும் நீருக்கடியில் கிடக்கும் காசுபோல் நெளியும். அது குவியத்தின் குற்றமன்று. எந்தக் குமிழும் அதைத் தீர்க்காது. நெளிவு நொடிக்கு நொடி மாறும். குவியப் பிழை மாறாமல் நிற்கும். இரண்டையும் பிரித்தறியப் பழகாதவர், ஒன்றிற்காக மற்றொன்றைத் திருத்தி இரவைப் போக்குவர். மாடியை விட்டு மண்தரைக்கு இறங்கி, நள்ளிரவிற்குப் பின் பார்த்தல் பெரிதும் உதவும். குவியப்படுத்த எடுக்கும் மீனும் உயரத்தில் நிற்பதாக இருக்க வேண்டும். தை, மாசி இரவுகளில் தென்வானிலுள்ள அகத்திய மீன் பிரகாசமானதே. ஆனால் சிவகாசியில் அது அடிவானத்திலிருந்து 28 பாகைக்குமேல் ஏறுவதில்லை. 60 பாகைக்கு மேலேறும் சிரியஸ் மீன் அதனினும் தகுந்தது.

மற்றொரு தந்திரக்காரன் குளிர்ச்சி. அலுமினியக் குழாய், வெப்பம் ஒரு பாகை குறைந்தால், மீட்டருக்கு 23 மைக்ரான் சுருங்கும். 750 மில்லிமீட்டர் குழாய், மாலையிலிருந்து நள்ளிரவிற்குள் 5 பாகை குளிர்ந்தால், 86 மைக்ரான் சுருங்கிவிடும். நமக்கு அனுமதியுள்ள பாதித் தாளை அது எப்போதோ கடந்துவிட்டது. எட்டு மணிக்குச் சரியாகக் குவியப்படுத்திவிட்டு, பன்னிரண்டு மணிவரை எடுத்த படங்களில் பின்பாதி மங்கலாயிருப்பது இதனாலேதான். மணிக்கு ஒருமுறையேனும் மூடியை இட்டுப் பார்க்க வேண்டும்.

ஊருக்கு உரிய வேடிக்கை ஒன்றும் உண்டு. நிலவொளி ஏறக்குறைய இல்லாத ஐப்பசி இரவு வானம் பார்ப்பவனுக்குப் பொக்கிஷமாக வேண்டியது, அன்றுதான் தீபாவளி. எங்கள் ஊர் ஆண்டெல்லாம் செய்து அனுப்பியது அன்றிரவு நாடெங்கும் புகையாக எழுந்து விண்மீன்களை மறைக்கும். எங்களுக்குச் சோறு போடும் புகையை யான் குறைகூற முடியாது. தொலைநோக்கியை உறையிட்டு வைத்துவிட்டு மத்தாப்பு பிடிப்பேன்.

கணினியில் படத்தைத் திருத்திக் கொள்ளலாமே என்று சிலர் கூறக்கூடும். பல படங்களை அடுக்கிச் சராசரி கண்டு வானத்தின் நெளிவைக் குறைப்பது நேர்மையான முறையே, அறிஞரும் செய்கின்றனர். ஆனால் குவியாத படத்தில் கூர்மையைக் கூட்டும் பொத்தானை அழுத்தினால், விளிம்புகளில் கறுப்பு வெள்ளைக் கரை ஏறுமேயன்றி, சில்லில் விழாத பள்ளமும் மேடும் எங்கிருந்து வரும்? இன்னும் சில கைபேசிகள் சந்திரனை அடையாளம் கண்டு, தாம் முன்பு கற்ற சந்திரப் படங்களைக்கொண்டு விவரத்தைத் தாமே நிரப்பிவிடுகின்றன என்று 2023ஆம் ஆண்டில் பெரியதொரு விவாதம் எழுந்தது. அத்தகைய படம் எவ்வளவு அழகாயிருப்பினும், "எம் மாணாக்கர் எடுத்தது" என்ற குறிப்போடு இம்மலரில் வெளியிடத் தக்கதன்று. சென்ற ஆண்டின் மங்கலான சந்திரன் அதனினும் எனக்கு உயர்ந்தது. அது நம்முடைய மங்கல்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பெரிய கருவிக்கான விண்ணப்பத்தை ஓராண்டு நிறுத்தி வையுங்கள். அவ்வோராண்டில் இப்போதுள்ள கருவியைக்கொண்டு, ஒவ்வொரு மாணாக்கரும் தனித்தனியே, பிறர் உதவியின்றி, ஒரு விண்மீனையும் அமாவாசைக்குப் பின் எட்டாம் நாள் சந்திரனையும் கூர்மையாகப் படமெடுத்துக் காட்டட்டும். எட்டாம் நாளைக் கூறியதற்குக் காரணம், அன்று ஒளியும் இருளும் சந்திக்கும் எல்லை சந்திரனின் நடுவே ஓடும். அவ்வெல்லையில் மலைவாய்களின் நிழல் நீண்டு விழுவதால் குவியப் பிழை சிறிதும் ஒளிந்திருக்க இடமில்லை. பூரணச் சந்திரன் அழகுக்கு உரியது, பரீட்சைக்கு உரியதன்று. அதன்பின் பெரிய கருவி வேண்டுமென்று கேட்டால், நன்கொடைப் பட்டியலில் முதற்பெயர் என்னுடையதாக இருக்கும்.

பாஹ்டினோவ் மூடியை வெளியிலிருந்து விலைக்கு வாங்க வேண்டியதில்லை. அட்டைப்பெட்டி வெட்டும் அச்சகங்களில் அதற்கான வெட்டு இயந்திரம் இருக்கிறது. கெட்டியான கறுப்பு அட்டையில் பன்னிரண்டு மூடிகள் வெட்டுவித்து, கார்த்திகை மழை ஓய்ந்ததும் அனுப்பி வைக்கிறேன். பௌதிகப் பகுதியார் தொலைநோக்கிக் குழாயின் வெளிவிட்டத்தை மட்டும் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதுவார்களாக.